போர்டைக் கடைசியில் செருகுங்கள்

குமரி மாவட்டம் மண்டைக்காட்டு மாசிக் கொடை நடக்கும் பத்து நாளும் கோயிலைச் சுற்றி இன்னொரு ஊரே முளைத்துவிடும். ராட்டினம், வளையல் கடைகள், பேரீச்சம்பழக் குவியல், மண்டையப்பம் வாங்க நிற்கும் கூட்டம், இருமுடி சுமந்து வரும் கேரளத்துப் பெண்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த நெரிசலுக்குள் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு வீடியோ கேம் பெட்டிகள் வந்து நிற்கும். நான், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று மூன்று பேர் போவோம். பெட்டியில் ஜாய்ஸ்டிக் இரண்டுதான். மூன்றாவது ஆள் பின்னால் நின்று எங்கள் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பான். யாராவது செத்தால் அவன் முறை.

நாங்கள் ஆடிய விளையாட்டை ஊரில் எல்லோரும் 'முஸ்தபா' என்றார்கள். மஞ்சள் தொப்பி போட்டு ஓடிவந்து உதைக்கும் அந்த ஆளின் பெயர் அதுதான். விளையாட்டின் உண்மையான பெயர் 'கடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', ஜப்பானின் கேப்காம் 1993இல் வெளியிட்டது என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது அதன் அசல் போர்டு என் வீட்டுப் பெட்டிக்குள் ஓடுகிறது. வாங்கிப் பொருத்தி ஓடவைக்க எட்டு மாதம் பிடித்தது. அதில் பாதி, போர்டு கைக்கு வந்த அன்றே அதைச் செருகிப் பார்த்ததால் வந்த அலைச்சல். இதே ஆசையோடு இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மின்சாரத்தை முடியுங்கள், வயரிங்கை முடியுங்கள், திரையை முடியுங்கள். போர்டைக் கடைசியில் செருகுங்கள்.

போர்டு என்றால் என்ன? அந்தக் காலத்துக் கேம் பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் இருக்காது. ஒரு திரை, ஒரு பவர் சப்ளை, ஜாய்ஸ்டிக், பட்டன், ஒரு கட்டு வயர், அப்புறம் ஒரு பெரிய பச்சைப் பலகை. அந்தப் பலகைதான் விளையாட்டு. அதில் இருக்கும் சிப்புகளில் அந்த ஒரே விளையாட்டின் படம், இசை, விதிமுறை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பலகையை மாற்றினால் விளையாட்டு மாறும். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

இப்படி மாற்ற முடிந்ததற்கு ஒரு பொது ஒப்பந்தம் காரணம். 1980இல் வந்த பேக்மேன் போன்ற விளையாட்டுகளின் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் போர்டுக்குத் தன் இஷ்டப்படி வயர் வரிசை வைத்திருந்தது. 1985இல் ஜப்பான் கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் ஒரே வரிசையை வகுத்தது. அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே 'ஜாமா' என்று அந்த வரிசைக்கும் பெயராகிவிட்டது. போர்டின் விளிம்பில் மேல்பக்கம் 28, கீழ்ப்பக்கம் 28 என்று மொத்தம் 56 பித்தளை நிறத் தடங்களுக்கு இடம் இருக்கும். மேலே உள்ளவற்றுக்கு எண், கீழே உள்ளவற்றுக்கு ஆங்கில எழுத்து. உங்கள் பெட்டியை ஜாமா வரிசைப்படி ஒருமுறை வயர் செய்துவிட்டால் 1985க்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான போர்டுகள் அதில் ஓடும். 1985க்கு முந்திய போர்டு வேண்டுமென்றால் நடுவில் ஒரு அடாப்டர் செய்ய வேண்டும். முதல் போர்டுக்கு அந்த வம்பு வேண்டாம்.

அசலே வேண்டுமா என்று ஒரு கேள்வி உண்டு. வெறுமனே விளையாட வேண்டும், பிள்ளைகள் விடுமுறையில் வந்தால் பொழுது போக வேண்டும் என்றால், நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஒன்றாக அடைத்து விற்கும் 'பண்டோரா பாக்ஸ்' போன்ற மல்டிகேம் போர்டுகள் போதும். அதுவும் ஜாமாவில் செருகலாம், விலையும் குறைவு. அசல் போர்டு வேறொரு காரணத்துக்காக. அந்த 68000 பிராசசர், அந்த யமஹா சவுண்ட் சிப், அந்த வருடத்தில் பற்றவைத்த அதே பலகை. பட்டனை அழுத்தியதற்கும் உதை விழுவதற்கும் நடுவே இடைவெளியே தெரியாது. இதைப் பராமரிக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். முப்பது வயதைக் கடந்த ஒரு பொருளை வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள்.

எந்தப் போர்டில் தொடங்கலாம்? என் சிபாரிசு எஸ்என்கே நிறுவனம் 1990இல் கொண்டுவந்த நியோ ஜியோ எம்விஎஸ். இதில் அடிப்பலகை ஒன்று, விளையாட்டு கேசட்டில் வரும். 1996இல் வந்த மெட்டல் ஸ்லக், நம் நாட்டு வீடியோ கேம் கடைகளில் பையன்கள் மொய்த்துக் கிடந்த கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 எல்லாம் இதில்தான். ஒரு கேசட் போதும், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வாங்கும்போது அடிப்பலகையில் பேட்டரி இருக்கும் இடத்தைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய அடிப்பலகைகளில் பீப்பாய் வடிவ ரீசார்ஜ் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஒழுகினால் சுற்றியுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சைக் களிம்பு கொஞ்சமாகத் தெரிந்தால் விலை பேசலாம். தடங்கள் கறுத்திருந்தால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் கேப்காம் போர்டுகள் இன்னும் சிக்கலானவை. கள்ளப் பிரதிகளைத் தடுக்க அந்த நிறுவனம் விளையாட்டின் நிரலைப் பூட்டி, பூட்டைத் திறக்கும் சாவியைப் பேட்டரி உயிரோடு இருக்கும்வரை மட்டும் நினைவில் வைத்திருக்கும்படி செய்தது. 1993இல் தொடங்கிய சிபிஎஸ்-2 வரிசை முழுக்க இப்படித்தான். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். சாவி அழிந்தால் பலகையில் ஒரு கீறல்கூட இல்லாமல் விளையாட்டு செத்துப்போகும். சேகரிப்பவர்கள் இதைத் தற்கொலை பேட்டரி என்றே சொல்கிறார்கள். என் முஸ்தபா போர்டிலும் அதே போல ஒரு பேட்டரி உண்டு. நல்ல சேதி என்னவென்றால், 2016இல் ஆர்வலர்கள் சிலர் சிபிஎஸ்-2இன் பூட்டு வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்து, சாவியைத் திரும்ப எழுதும் வழியை வெளியிட்டார்கள். செத்ததாக ஒதுக்கிய போர்டுகள் அதன் பிறகு எழுந்தன. ஆகவே விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பேட்டரி கடைசியாக எந்த வருடம் மாற்றப்பட்டது? பேட்டரி தேவைப்படாதபடி ஏற்கெனவே மாற்றம் செய்திருக்கிறதா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், செத்த போர்டின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது அசலா போலியா என்ற விஷயம். நம் ஊர்க் கடைகளில் போலிகள் ஏராளமாக ஓடின. முஸ்தபா விளையாட்டின் போலிகள் சிலவற்றில் க்யூசவுண்ட் என்ற அசல் ஒலிப்பகுதியே கிடையாது. வேறொரு சின்ன சிப்பில் ஒலியைத் திணித்திருப்பார்கள். அசல் போர்டை முதன்முறை ஓடவிட்டபோது பின்னணி இசை இரண்டு ஸ்பீக்கரிலும் பிரிந்து எழுந்ததைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் இதை நான் கேட்டதே இல்லை.

கண்ணால் பார்க்கும்போது, பலகையிலேயே நிறுவனத்தின் பெயரும் வருடமும் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். கேப்காமின் பழைய சிபிஎஸ்-1 போர்டில் சிபிஎஸ்-ஏ-01 போன்ற பெயர் பொறித்த, அந்த நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட சதுரச் சிப்புகள் இருக்கும். போலியில் அவற்றுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண சிப்புகள் வரிசை வரிசையாக நிறைந்து, பலகையே பெரிதாகிவிடும். நியோ ஜியோ கேசட் என்றால் மூடியைத் திறந்து உள்பலகையின் படம் கேளுங்கள். மேல் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அசலுக்கும் போலிக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: பலகை அசல், ஆனால் வேறொரு விளையாட்டின் சிப்புகளை எழுதிப் போட்டிருப்பார்கள். ஆடுவதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. அசல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

படம் கேட்கும்போது இருபக்கமும் கேளுங்கள், விளிம்புத் தடங்களைத் தனியாகக் கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, போர்டு ஓடுவதை ஐந்து நிமிட வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். 'சோதிக்கவில்லை, உள்ளபடியே' என்று எழுதியிருந்தால் பழுது என்றே கணக்கு வையுங்கள். ஜப்பானிலிருந்து ஏல இடைத்தரகர் வழியாக வாங்கினால் தரகுக் கட்டணம், கூரியர், சுங்க வரி மூன்றையும் சேர்த்த தொகையைப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள். பழைய மின்பொருள் இறக்குமதிக்கு இன்றைய விதி என்ன, வரி எவ்வளவு என்று கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால், ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல முடிகிறது. என் போர்டும் அப்படித்தான் வந்தது. வளைகுடாவில் இருக்கும் சித்தப்பா மகன் அதைத் துணிகளுக்கு நடுவே வைக்காமல், நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டி, கைப்பையில் எடுத்து வந்தான். அப்படித்தான் கொண்டுவர வேண்டும்.

இனி பெட்டிக்குள் போவோம். முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இந்தப் பகுதியை வையுங்கள்.

போர்டின் உயிர் 5 வோல்ட். அந்தக் காலத்து 74 வரிசைச் சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரைக்குள் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. இந்தக் குறுகிய சந்துக்குள் நாம் நடக்க வேண்டும். என் போர்டு முதல்நாள் ஓடியது. ஆனால் திரையில் எதிரிகள் கூட்டமாக வந்தால் சட்டென்று அணைந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. நான்கைந்து பேர் வந்தால் ஓடும், எட்டு பேர் வந்தால் அணையும். சிப் பழுது என்று எண்ணி இரண்டு வாரம் தூங்கவில்லை. குளச்சலில் பழைய டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"மீட்டர வச்சுப் பாத்தியா மக்கா?"

"பாத்தேன் அண்ணாச்சி. சப்ளையில அஞ்சு புள்ளி பூச்சியம் ரெண்டு காட்டுது. சரியாத்தான இருக்கு?"

"சப்ளையில பாத்து என்னத்துக்கு? போர்டுல பாரு."

பார்த்தோம். போர்டு விளிம்பில் 4.71. சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவதற்குள் 0.31 வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது. கணக்கு எளிது: போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது, வயரிலும் இணைப்பானிலும் சேர்ந்து வெறும் 0.08 ஓம் தடை இருந்தால் 0.32 வோல்ட் குறைந்துவிடும். நான் வாங்கிய ரெடிமேட் வயர்க்கட்டில் பவர் வயர்களும் பட்டன் வயர் அளவுக்கே மெலிதாக இருந்தன. ஜாமாவில் 5 வோல்ட்டுக்கு நான்கு தடங்களும் தரைக்கு (கிரவுண்ட்) எட்டுத் தடங்களும் ஒதுக்கியிருப்பது சுமையைப் பங்கிட்டுக்கொள்ளத்தான். என் கட்டில் இரண்டிரண்டுக்கு மட்டுமே வயர் போட்டிருந்தார்கள். தடித்த வயர் வாங்கி எல்லாத் தடங்களுக்கும் தனித்தனியாகப் பற்றவைத்தோம். சப்ளையில் இருக்கும் சின்னத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விளிம்பில் 5.00 வரும்படி வைத்தோம். அன்றிலிருந்து எத்தனை எதிரிகள் வந்தாலும் அணைவதில்லை.

கம்ப்யூட்டர் சப்ளையைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஓடும், ஆனால் 5 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு வெளியே இருக்காது. சில பழைய போர்டுகள் கேட்கும் மைனஸ் 5 வோல்ட் புதிய சப்ளைகளில் இல்லை. கேம் பெட்டிக்கென்று விற்கும் சப்ளையே மேல். 12 வோல்ட் பெரும்பாலும் ஒலிக்கு. படம் வந்து சத்தம் வரவில்லையென்றால் முதலில் 12ஐ அளந்து பாருங்கள்.

வயரிங் முடிந்ததும் போர்டு இல்லாமல் சுவிட்சைப் போட்டு, வெறும் இணைப்பானின் 56 முனைகளையும் ஒவ்வொன்றாக அளந்து தாளில் எழுதுங்கள். 3, 4, சி, டி முனைகளில் 5 வோல்ட். 6, எஃப் முனைகளில் 12. 5, ஈ முனைகளில் மைனஸ் 5. வேறு எந்த முனையிலாவது மின்னழுத்தம் தெரிந்தால் வயர் எங்கோ தவறாகப் போயிருக்கிறது. பிறகு சுவிட்சை அணைத்து, ஜாய்ஸ்டிக்கையும் பட்டனையும் அழுத்தி அழுத்தி, தரையோடு சேருகிறதா என்று மீட்டரின் பீப் ஒலியில் பார்க்கலாம். மேல்பக்கம் 7ஆம் இடத்திலும் அதற்கு நேர் கீழேயும் தடம் இருக்காது, வெட்டுத்தான் இருக்கும். இணைப்பானில் அந்த இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சாவியைச் செருகிவிடுங்கள். அது இருந்தால் போர்டைத் தலைகீழாகச் செருக முடியாது. தலைகீழாகச் செருகினால் 12 வோல்ட் பட்டன் வரும் வழியில் ஏறிவிடும், சிப்பைச் சுட்டுவிடும். சில ரூபாய் பெறாத பிளாஸ்டிக் துண்டு அது. இணைப்பானோடு வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீக்கரின் மைனஸ் வயரைத் தரையோடு சேர்க்க வேண்டாம். 10ஆம் முனைக்கும் எல் முனைக்கும் நடுவே மட்டும் நேராகக் கொடுங்கள். சில போர்டுகளின் ஆம்ப்ளிஃபயர் அப்படிச் சேர்த்தால் சூடேறிப் போய்விடும்.

திரை. இந்தப் போர்டுகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக, 15 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் படத்தை அனுப்புகின்றன. கம்ப்யூட்டர் மானிட்டர் 31 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைந்து ஏற்காது, ஆகவே நேரே கொடுத்தால் ஒன்றும் தெரியாது. எல்சிடி போடுவதாக இருந்தால் நடுவில் ஸ்கேலர் போர்டு வேண்டும். மலிவானதில் படம் சற்று மங்கும், விலை கூடியதில் துல்லியமாக வரும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைதான் இந்த விளையாட்டுகளுக்கு அழகு என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதன் குழாயில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். அந்த வேலையைப் பழைய டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேம் பெட்டிக்கென்று வந்த குழாய்த் திரைகள் பலவற்றுக்குத் தனி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு போர்டு. விளிம்புத் தடங்களைப் பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். மணல் தாள் கூடாது, மேல்பூச்சு போய்விடும். ஒழுகிய பேட்டரியின் களிம்பை வினிகர் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலரவிடுங்கள். சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். சிலவற்றின் அடியில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன் வழியே வெயில் பட்டால் எழுதியது அழியும். சுவிட்சை அணைத்த நிலையில் செருகுங்கள், அணைத்த நிலையில் கழற்றுங்கள். இதற்கு விலக்கே கிடையாது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே ஜன்னல் கம்பியை உப்புக் காற்று எப்படித் தின்கிறது என்று நமக்குத் தெரியும். போர்டின் விளிம்பையும் சிப் கால்களையும் அதே காற்றுத்தான் தின்னும். கடல் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் பெட்டியை வைக்காதீர்கள். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் பெட்டி செய்யச் சொல்லுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். போர்டைப் பிளாஸ்டிக் தூண்களின் மேல் நிறுத்துங்கள், பின்பக்கம் எந்த உலோகத்திலும் படக்கூடாது. சிலிக்கா ஜெல் பை இரண்டைப் போட்டு, மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள். வாரத்தில் அரைமணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் விலகும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இடி இறங்கும் மாலைகளில் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சேர்த்து வைத்திருக்கும் மற்றப் போர்டுகளை நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

ஓடாத போர்டு எல்லாம் செத்த போர்டு அல்ல. ஒரு நிறம் மட்டும் காணவில்லையென்றால் பெரும்பாலும் இணைப்பான் அழுக்கு. படம் உருண்டு ஓடினால் பி (P) முனையில் வரும் சிங்க் வயரைப் பாருங்கள். எழுத்து சிதறி, கட்டம் கட்டமாக வந்தால் நினைவகச் சிப் அல்லது ரோம் சிப். அது கை தேர்ந்தவர் வேலை. பல போர்டுகளில் டெஸ்ட் சுவிட்சை அழுத்தினால் தன்னைத் தானே சோதித்து, எந்தச் சிப் சரியில்லை என்று திரையில் காட்டும்.

இன்னொன்று. முஸ்தபா விளையாட்டை மூன்று பேர் ஒன்றாக ஆடும்படிதான் கேப்காம் செய்திருந்தது. ஜாமா வரிசையில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாவது ஆளுக்கான வயர்கள் விளிம்புக்கு வெளியே, போர்டிலேயே தனியாக இருக்கும் ஒரு சின்ன இணைப்பானில் வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டின் உதை பட்டன் மூன்றுக்கும் இதே போல ஜாமாவுக்கு வெளியே ஒரு தனி இணைப்பு உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அந்த மூன்றாம் ஆள் இணைப்பான் காலியாகவே கிடந்தது. நான் அதிலிருந்து ஒன்றரை மீட்டர் வயர் இழுத்து, பெட்டியின் வலப்பக்கம் ஒரு பலகை அடித்து, ஜாய்ஸ்டிக் ஒன்றும் பட்டன் இரண்டும் ஸ்டார்ட் பட்டன் ஒன்றும் பொருத்தினேன். போன கொடைக்குச் சித்தப்பா மகன் லீவில் வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு வந்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினோம்.